ஊர் வரலாற்றைத் துணுக்குத் துணுக்காகச் சேர்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, "ஐயா, நம்ம ஊர் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. "எனக்கு என்னப்பா தெரியும், விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்பார். அவர் மறைக்கவில்லை. வரலாறு என்றதும் அரசர், போர், வருஷம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதுதான் அவருக்கும் ஞாபகம் வருகிறது, தனக்குத் தெரிந்தது எதுவும் அதில் சேராது என்று அவராகவே முடிவு செய்துவிடுகிறார். அதே மனிதரிடம், "ஏரிக்கரையில சாய்ஞ்சு கிடக்கிற கல்லுக்கு எதுக்கு வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறோம், முதல் பூசை எந்த வீட்டுக்காரங்க பண்ணுவாங்க" என்று கேட்டுப் பாருங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், நடுவில் யார் வீடு எங்கிருந்து வந்தது, எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த வருஷம் ஏரி உடைந்தது என்று கேட்காததெல்லாம் வந்து விழும்.

அதனால் முதல் வேலை, கேள்வியைச் சின்னதாக்குவது. ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள், ஊரில் இருக்கிற ஒரு கல், ஒரு மரம், ஒரு கிணறு, ஒரு பாதை, ஒரு பண்டிகை என்று ஏதாவது ஒன்றைத் தொட்டுக் கேளுங்கள். கடலைச் செடி பிடுங்கி முடித்த காட்டில் அப்புறம் போய் மண்ணைக் கிளறிப் பொறுக்குவோமே, அந்த மாதிரி வேலை இது: கை நிறைய ஒரே இடத்தில் கிடைக்காது, நடந்துகொண்டே இருந்தால் கூடை நிறையும்.

நம் இரண்டு மாவட்டத்திலும் இதைச் செய்ய ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி, நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கிற வட்டாரங்களில் நம்முடையது ஒன்று. பெரும்பாலான ஊர்களில் அதை நடுகல் என்று யாரும் சொல்வதில்லை, வேடியப்பன் என்பார்கள். ஆகவே "இங்கே நடுகல் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், "வேடியப்பன் கோயில் எங்க இருக்கு" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஆடு மாடு மேய்ப்பவர்கள், கரட்டில் விறகு பொறுக்கியவர்கள், கிணறு வெட்டியவர்கள், இருளர் குடியிருப்புகளில் இருக்கும் வயதானவர்கள், இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஊர்த்தலைவருக்குக் கல் இருக்கும் இடம் தெரியாது. ஊருக்கு வெளியே எத்தனை முள்ளுக்குள் எத்தனை கல் கிடக்கிறது என்று ஆடு மேய்க்கும் ஆயா விரல்விட்டுச் சொல்லிவிடுவார்.

கல்லைக் கண்டுபிடித்த பிறகு அவசரப்படாதீர்கள். பூசையில் இருக்கிற கல் என்றால் பூசாரியிடமோ அந்த வீட்டுக்காரரிடமோ சொல்லிவிட்டுத்தான் தொடவேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். எண்ணெய் பிசுக்கோ மஞ்சளோ இருந்தால் அவர்கள் அனுமதியோடு தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸால் வரைவது, பெயிண்ட் அடிப்பது இரண்டும் கெடுதல், ஏனென்றால் நீங்கள் தப்பாகப் படித்த எழுத்தை அடுத்து வருபவரும் அப்படியே படிப்பார். படம் எடுக்கச் சரியான நேரம் காலை ஏழு எட்டு மணி, இல்லாவிட்டால் சாயங்காலம். வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் பள்ளமான கீறல்கள் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எல்லாம் மட்டமாகத்தான் இருக்கும். நிழலான இடம் என்றால் ஒரு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையாவது வையுங்கள், அளவு தெரியாத படம் பாதிப் படம்தான்.

எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கல்லிலிருந்து எடுக்க நிறைய இருக்கிறது. வீரன் கையில் வில்லா, வாளா, குறுவாளா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடு இருக்கிறதா, இருந்தால் அது மாடு கவர்ந்த, மீட்ட சண்டைக் கல். எதிரே புலி பாய்ந்து நிற்கிறதா, அப்படியென்றால் புலிகுத்திக் கல். பக்கத்தில் ஒரு பெண் உருவம் கையை உயர்த்தி நிற்கிறதா, அது உடன்கட்டை ஏறியவருக்கு எடுத்த கல்லாக இருக்கலாம். கூந்தலை எந்தப் பக்கம் முடிந்திருக்கிறார்கள், இடுப்பில் என்ன கட்டியிருக்கிறார்கள், மேலே தேவலோகத்துப் பெண்கள் தூக்கிச் செல்வதுபோல் அடுக்கு அடுக்காகச் செதுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் எது முக்கியம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யவேண்டியதில்லை.

எழுத்து இருக்கிற கல் கிடைத்தால் அது வேறு சந்தோஷம். பழைய கற்களில் பலது வட்டெழுத்து (முன்பு தமிழை எழுதிய வளைவான எழுத்து), பிந்தையவை தமிழ் எழுத்து, ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடக் கல்வெட்டும் வரும். நடுகல் வாசகம் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் ஓடும்: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, அந்தப் பகுதியை ஆண்ட தலைவன் யார், இறந்தவன் யாருடைய ஆள், எதற்காகச் சண்டை, கடைசியில் "பட்டான்". தொறு என்று வந்தால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். இந்த இரண்டு வார்த்தையைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டாலே கல் எதைப் பற்றியது என்று பிடிபட்டுவிடும். எவ்வளவு சின்ன வாசகத்தில் எவ்வளவு இருக்கும் என்பதற்குப் பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் கல்லைப் பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பாதி. எருமைகளைக் காக்கப் போய் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான், அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அவனைக் காத்து நின்றது, அந்த நாயின் பெயர் கோவிவன். ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு வருஷம் தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது. அதனால் கல்லின் ஓரத்தில் இருக்கிற சின்ன உருவத்தைக்கூட விட்டுவிடாதீர்கள்.

நீங்களாகப் படிக்க முயல்வதற்கு முன்னால் தருமபுரியில் இருக்கும் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கு (அருங்காட்சியகம்) ஒருமுறை போய்வாருங்கள், நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பார்த்துப் பார்த்துக் கண் பழகும். கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுத் தொகுப்பில் உங்கள் ஊர்க் கல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். பதிவாகியிருந்தால் ஏமாற்றம் வேண்டாம்: கல்வெட்டைத் தாளில் படி எடுத்த நாளில் இருந்த வரிகளில் இன்று எவ்வளவு மிச்சம், கல் அதே இடத்தில்தான் நிற்கிறதா என்பதே பதிய வேண்டிய தகவல்.

தரையிலிருந்து பானை, இரும்பு, மணி என்று எதுவும் வெளிப்பட்டால் தோண்டாதீர்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, இரும்போடு சேர்ந்து கிடந்த மண்ணையும் கரியையும் கலைக்காமல் எடுத்ததால்தான் அந்த எண் கிடைத்தது. இடத்திலிருந்து பிடுங்கி வீட்டு அலமாரியில் வைத்த பானைக்கு வயது கிடையாது.

அடுத்தது ஆட்கள். இதில்தான் அதிகம் பொறுமை வேண்டும். உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதைவிடக் கூட நடப்பது நல்லது, நடக்கும்போது இடமே ஞாபகத்தை எழுப்பும். "இந்த மேட்டுக்கு என்ன பேரு" என்று கேட்டுக்கொண்டே போங்கள். சாம்பல்மேடு, பாழூர் மேடு, வேடியப்பன் காடு, கோட்டைக்கொல்லை என்று காட்டுப் பெயர்களில் எவ்வளவோ ஒளிந்திருக்கிறது, இவை எந்த வரைபடத்திலும் ஏறாத பெயர்கள், அந்த நிலத்தில் உழுதவர்கள் போனால் கூடவே போய்விடும். பாழூர், பாழ்நத்தம் என்றால் முன்பு ஊர் இருந்து காலியான இடமாக இருக்கலாம், உழும்போது பானை ஓடு கிடைக்கிறதா என்று அடுத்த கேள்வி கேளுங்கள்.

பெண்களிடம் தனியாகப் பேசவேண்டும், அதுவும் ஆண்கள் இல்லாத நேரத்தில். ஆண்கள் இருந்தால் "அவரைக் கேளுங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். எந்த வீட்டுக்கு எந்த ஊர்ப் பெண் வந்தார், பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக்கூடாது என்றிருந்தது, எந்தக் குழந்தைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. அதேபோல ஊரில் எத்தனை தெரு இருக்கிறதோ அத்தனை தெருவிலும் கேட்கவேண்டும். ஊர்த் தெருவில் மட்டும் கேட்டு எழுதினால் அது ஊர் வரலாறு ஆகாது. ஏரியை யார் வெட்டினார்கள் என்று ஊர்த் தெருவில் கேட்டால் ஒரு பெயர் வரும், காலனியில் கேட்டால் மண் சுமந்தவர்கள் பெயர் வரும். இரண்டும் வேண்டும்.

மொழியும் ஒரு விஷயம். சூளகிரி, வேப்பனஅள்ளி, தளி, அஞ்செட்டி என்று போகப்போகத் தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பேச்சாக இருக்கும். உங்களோடு தமிழில் பேசுவார்கள், ஆனால் அவ்வா (பாட்டி) சொல்கிற பாட்டும் பழமொழியும் அவரவர் மொழியில்தான் முழுசாக வரும். அந்த மொழி தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

வருஷத்தை எப்படிப் பிடிப்பது? "அது எந்த வருஷம்" என்று நேராகக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்பமுடியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சிக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். அண்ணா இறந்தது 1969, காமராஜர் 1975, எம்.ஜி.ஆர். 1987. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2, கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த சின்ன ரயிலை 1941இல் போர்க்காலத்தில் நிறுத்தித் தண்டவாளத்தை எடுத்துப் போனார்கள், "ரயில் ஓடின காலத்துல" என்று தாத்தா சொன்னதாக யாராவது சொன்னால் அந்த இடைவெளிக்குள் தேடலாம். சொல்பவர் அப்போது பிறந்திருந்தாரா, பள்ளிக்கூடம் போனாரா, கல்யாணம் ஆகிவிட்டதா, முதல் குழந்தை கையில் இருந்ததா என்று சேர்த்துக் கேட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் நெருங்கிவிடலாம்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் கவனம் தேவை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது என்றால் 1876-77ம் உண்டு, 1936-37ம் உண்டு. பஞ்சத்தைச் சொல்லி தாது வருஷம் என்றால் முதலாவதுதான், அந்தப் பஞ்சத்தின் கொடுமை இன்னும் பேச்சில் இருக்கிறது. கல்வெட்டில் சக ஆண்டு வந்தால் 78 கூட்டுங்கள். நிலக் கணக்கில் பசலி வந்தால் 590 கூட்டுங்கள், பசலி ஜூலையில் தொடங்குவதால் ஒரு வருஷம் இப்படி அப்படி இருக்கும்.

காகிதம் என்று பார்த்தால் முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம் எதுவானாலும் சக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதியிருப்பார்கள்: கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே புளியமரம், தெற்கே ஓடை. நான்கைந்து பத்திரத்தின் எல்லைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர் வரைபடம் உங்கள் கையாலேயே உருவாகும், காணாமல் போன ஓடைகூட அதில் தெரியும். மொய் நோட்டை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை, எனக்கு அதைவிட நல்ல ஆவணம் தெரியாது. யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு செய்தார்கள், எந்த ஊரோடு உறவு இருந்தது, பிறகு எந்த ஊர் அதில் வராமல் போனது என்று எல்லாம் வரிசையாக, தேதியோடு இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு என்று அப்படியே நீளும்.

அப்புறம் அரசுக் காகிதம். அ-பதிவேடு (ஊர் நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) இரண்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். அ-பதிவேட்டில் புறம்போக்கு வரிகளைத் தவறாமல் படியுங்கள், ஏரி, மேய்க்கால், மயானம், வண்டிப்பாதை என்று குறித்திருப்பதையும் இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டாலே ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும். 1965க்கு முந்தைய எதைத் தேடினாலும் சேலம் மாவட்டம் என்று தேடவேண்டும், தருமபுரி என்று தேடி இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். லெஃபானு தொகுத்த 1883ஆம் ஆண்டு சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு கெசட்டியர் இரண்டிலும் நம் வட்டங்கள் வருகின்றன. அவற்றில் பாராமகால் என்றால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், பாலகாட் என்றால் ஓசூர் மேட்டுப்பகுதி. பாராமகால் 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது, கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்ட குறிப்புகள் அப்போதிலிருந்து கிடைக்கின்றன, ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போனது 1799இல் திப்பு இறந்த பிறகுதான். இன்னும் பின்னால் கல்வெட்டுக் காலத்துக்குப் போனால் தகடூர் நாடு, புறமலை நாடு, எயில் நாடு என்ற பழைய பெயர்களை வைத்துத் தேடுங்கள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் குந்தாணி ஒரு காலத்தில் போசள (ஹொய்சள) அரசன் வீர ராமநாதனின் தலைநகர், இன்று அந்த வழியாகப் போகிறவருக்கு அப்படி ஒன்றும் தெரியாது. அதனால் சின்ன ஊர் என்று எதையும் ஒதுக்காதீர்கள்.

குறிப்பு எழுதும் முறையை ஆரம்பத்திலேயே சரியாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திருத்த முடியாது. ஒரு தகவலுக்கு ஒரு தாள், அல்லது போனில் ஒரு தனிக் குறிப்பு. என்ன சொன்னார், யார் சொன்னார், அவர் வயது, தெரு, எங்கே வைத்து, என்ன தேதி. சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், உங்கள் தமிழுக்கு மாற்றாதீர்கள். குரல் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், "இதை எழுதாதே" என்று சொன்னதை எழுதாதீர்கள், அது எவ்வளவு ருசியான தகவலாக இருந்தாலும். தாளின் மேல் மூலையில் மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: பார்த்தது, கேட்டது, நான் நினைப்பது. ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது இந்த மூன்றும் உங்களுக்கே குழம்பிப்போகும், அப்போது இந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றும்.

கேட்கிற கதைகளில் ஒரு பழக்கத்தைச் சீக்கிரமே கவனிப்பீர்கள். கரட்டில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பெருங்கற்காலச் சின்னம் என்றால் பாண்டவர் வீடு, இடிந்த சுவர் என்றால் திப்பு கோட்டை, இன்னும் பழையது என்றால் அதியமான். பெரிய பெயர்கள் சின்ன நிகழ்ச்சிகளைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஊருக்கு ஊர் இது உண்டு. மல்லசந்திரத்துக் கல்திட்டைகளைப் பாண்டவர்களோடு சேர்த்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகராதீர்கள். கதையில் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று பாருங்கள்: இங்கே ஒரு பழைய சுவர் இருந்தது, இந்தப் பாதையில் படை போனது, இந்தக் குழியை நிரப்பக்கூடாது என்ற தடை இருந்தது. அந்த மிச்சம் பல சமயம் உண்மையாக இருக்கிறது. சாதிப் பெருமைக்காகச் சொல்லப்படும் கதைகளையும் இதே மாதிரி, யார் சொன்னது என்ற குறிப்போடு தனியாக வையுங்கள், அதை ஊர் வரலாறு என்று நீங்கள் முத்திரை குத்திக் கொடுக்காதீர்கள்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சொன்னது சரி என்று உடனே தீர்ப்பு வேண்டாம், இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஏரி உடைந்தது ஒருவர் கணக்கில் ஆடியில், இன்னொருவர் கணக்கில் ஐப்பசியில் என்றால் ஏரி இரண்டு தடவை உடைந்திருக்கலாம். மூன்றாவது ஆளிடம் கேட்கும்போது முதல் இரண்டு பதிலையும் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் அவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். ஒரே ஆளிடம் திரும்பப் போவதும் அவசியம். முதல் தடவை வந்து கேட்டுவிட்டுப் போனதும் அவருக்கு ராத்திரியெல்லாம் ஞாபகம் ஓடியிருக்கும், அடுத்த தடவை போகும்போது "தம்பி, அன்னைக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று அவரே ஆரம்பிப்பார். நல்லது எல்லாம் அந்த இரண்டாவது பேச்சில்தான் வரும். ராகி அறுப்பு, மாங்காய்ப் பறிப்பு நடக்கிற நாளில் மட்டும் போகாதீர்கள்.

எப்போது எழுத உட்காரலாம்? தாள்களைத் தரையில் பரப்பி இடவாரியாக ஒருமுறை, காலவாரியாக ஒருமுறை அடுக்குங்கள். எங்கே காலியாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஏரிக்கு இருபது தாள் இருக்கும், காலனிக்கு ஒன்றுதான் இருக்கும், அங்கே மறுபடி போங்கள். காலி இடத்தை ஊகத்தால் நிரப்பி எழுதவேண்டாம், காலியாகவே விடுங்கள், அடுத்து வருபவருக்கு எங்கே தேடவேண்டும் என்று தெரியும். எழுதி முடித்ததைத் தகவல் சொன்னவர்களுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள், ஊர் மந்தைவெளியில் நான்கு பேர் கூடியிருக்கும்போது படித்தால் இன்னும் நல்லது, ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். திருத்தங்களையும் யார் சொன்னது என்று எழுதிச் சேருங்கள். பிறகு பிரதி ஒன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்றைக் கிளை நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள், புகைப்படங்களையும் குரல் பதிவுகளையும் குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.